கரும்புள்ளி எல்லாம் புற்றுநோய் அல்ல: எலும்பு ஸ்கேன் ஓர் அறிமுகம்

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் எலும்பு ஸ்கேன் முடிந்து படம் கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம், அதை வெளிச்சத்தில் பிடித்துக் கரும்புள்ளிகளை எண்ணுவது. தோளில் இரண்டு, முழங்காலில் ஒன்று, இடுப்புக்கு நடுவே பெரிதாக ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் வயிறு கலங்கிவிடும். நடுவே இருந்த அந்தப் பெரிய கறுப்பு வெறும் சிறுநீர்ப்பைதான் என்பது மருத்துவர் சொன்ன பிறகே தெரியவரும்.

எலும்பு ஸ்கேன் புற்றுநோயைப் படம் எடுப்பதில்லை. புற்றுநோய் வந்து தங்கிய இடத்தில் எலும்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் படம் எடுக்கிறது. அணு மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். அதனாலேயே நோயாளிக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால், மூட்டுத் தேய்மானம் ஏன் கறுப்பாக விழுகிறது, சில புற்றுநோய்கள் ஏன் படத்தில் அகப்படுவதே இல்லை, மருந்து நன்றாக வேலை செய்யும்போது படம் ஏன் மோசமாகத் தெரிகிறது என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

எலும்பு சும்மா இருப்பதில்லை

எலும்பு என்றாலே உயிரற்ற, மாறாத பொருள் என்ற எண்ணம் நமக்கு. அந்த எண்ணத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் டி ஹெவெசி. 1935-இல் கோபன்ஹேகனில் அவர் எலிகளுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்து, அது உடலில் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். எலும்புக்குள் போன பாஸ்பரஸ் அங்கேயே உறைந்துவிடவில்லை. பழையது வெளியேறிக்கொண்டும் புதியது உள்ளே வந்துகொண்டும் இருந்தது. கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு உடலுக்குள் அனுப்பி, அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும் இந்த முறைக்காக 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்றைய எலும்பு ஸ்கேனின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எலும்பில் இரண்டு வகை செல்கள் ஓயாமல் வேலை பார்க்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்பவை பழைய எலும்பைக் கரைக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்பவை அந்தக் குழியில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. கரைப்பும் கட்டுதலும் சமமாக நடக்கும்வரை வெளியே எதுவும் தெரியாது. அடி, முறிவு, கிருமித்தொற்று, தேய்மானம், புற்றுநோய் என்று எது வந்தாலும் அந்த இடத்தில் சமநிலை குலைகிறது. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள முனைகிறது. ஆஸ்டியோபிளாஸ்டுகள் கூடுதலாக வேலை செய்கின்றன, ரத்த ஓட்டம் அதிகரிக்கிறது. ஸ்கேனுக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

புற்றுநோய் ஏன் எலும்பைத் தேடிப் போகிறது? 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். பரவல் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவில் இல்லை. விதை எங்கும் தூவப்பட்டாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார், அந்த உவமையை மருத்துவ உலகம் இன்றுவரை விடவில்லை. ரத்த செல்களை உருவாக்கும் சிவப்பு மஜ்ஜை உள்ள எலும்புகள் அப்படிப்பட்ட மண். அங்கே ரத்தம் மெதுவாக ஓடுகிறது, நாளச் சுவர் மெல்லியது, செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் எலும்புக்குள்ளேயே சேமிப்பில் இருக்கின்றன. ஆகவேதான் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு, மண்டையோடு, தொடை எலும்பின் மேல்பகுதி ஆகிய இடங்களில் பரவல் அதிகம், முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே குறைவு. முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் வால்வு இல்லை என்பதும், இடுப்புப் பகுதியிலிருந்து ரத்தம் அந்த வழியே மேலேறக்கூடும் என்பதும் இன்னொரு காரணம். ஆஸ்கர் பேட்சன் இதை 1940-இல் விளக்கினார்.

அதிகமாக எலும்புக்குப் பரவுபவை பிராஸ்டேட், மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் புற்றுநோய்கள். எலும்பை அரிப்பது பெரும்பாலும் புற்றுநோய் செல் நேரடியாகச் செய்யும் வேலை அன்று. அது ஆஸ்டியோகிளாஸ்டுகளைத் தூண்டிவிடுகிறது. அவை எலும்பைக் கரைக்க, உள்ளே சேமிப்பில் இருந்த வளர்ச்சிப் புரதங்கள் வெளிவருகின்றன. அவற்றைத் தின்று புற்றுநோய் மேலும் வளர்ந்து மேலும் தூண்டுகிறது. பிராஸ்டேட் புற்றுநோயில் கட்டும் செல்களின் தூண்டல் ஓங்கி நிற்பதால் எலும்பு தாறுமாறாகத் தடித்துப்போகும். மார்பகப் புற்றுநோயில் கரைப்பு, கட்டுதல் இரண்டும் கலந்திருக்கும்.

உள்ளே போவது என்ன?

கையில் ஊசி வழியாகச் செலுத்தப்படும் மருந்துக்கு இரண்டு பாகங்கள். ஒன்று எம்.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும், பாஸ்பேட்டை ஒத்த சேர்மம். புதிதாக உருவாகும் எலும்புத் தாதுவின் பரப்பில் போய் ஒட்டிக்கொள்வது அதன் குணம். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) கொடுக்கும் மாத்திரைகளில் பலவும் இதே குடும்பம்தான். மற்றொன்று அதனுடன் பிணைக்கப்பட்ட டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம். எம்.டி.பி. வழிகாட்டிப் போகும், டெக்னீசியம் இருக்கும் இடத்திலிருந்து காமா கதிரை வெளியே அனுப்பும்.

இந்த டெக்னீசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. தனிம அட்டவணையில் 43-ஆம் கட்டம் நெடுங்காலம் காலியாகக் கிடந்தது. 1937-இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் கார்லோ பெரியரும் எமிலியோ செக்ரேயும், அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கும் கருவியில் கதிரடிபட்ட ஒரு மாலிப்டினம் தகட்டிலிருந்து அந்தத் தனிமத்தைப் பிரித்தெடுத்தார்கள். மனிதன் செயற்கையாக உருவாக்கிக் கண்டறிந்த முதல் தனிமம் அது. அதன் 99எம் வடிவத்தின் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி. ஊசி போட்டு, எலும்பில் சேரும்வரை காத்திருந்து, படம் எடுத்து முடிக்க அது போதும். மறுநாள் அதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குக்குமேல் மிஞ்சாது, சிறுநீரில் போவதையும் கணக்கிட்டால் இன்னும் குறைவு. அது வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட்: உடலைத் தாண்டி வெளியே வரும் அளவுக்கு வலுவானது, கேமராவின் படிகம் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மென்மையானது. மருத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைத் திட்டமிட்டுச் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகமே.

டெக்னீசியத்தைப் பாஸ்பேட் சேர்மத்தோடு இணைத்து எலும்புக்கு அனுப்பும் வழியை 1971-இல் வெளியிட்டவர்கள் கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும். எம்.டி.பி.யும் சில ஆண்டுகளில் வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்தும் பல இடங்களில் அதே மருந்துதான்.

ஊசி போட்டதும் படம் எடுத்துவிட முடியாது. மருந்து முதலில் ரத்தத்திலும் தசையிலும் பரவியிருக்கும். அப்போது எடுத்தால் உடல் முழுவதும் மங்கலாகவே தெரியும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி எலும்பில் சேர்ந்துவிடும், மீதியைச் சிறுநீரகம் வெளியேற்றத் தொடங்கியிருக்கும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். வெறும் வயிறு தேவையில்லை. படம் எடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வரச் சொல்வார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை இடுப்பெலும்பை மறைத்துவிடும். பெல்ட், சாவி, சட்டைப் பையில் உள்ள காசு, கழுத்தில் உள்ள டாலர் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், உலோகம் கதிரைத் தடுத்துப் படத்தில் வெள்ளை ஓட்டையாக விழும்.

பிறகு ஒரு குறுகிய மேஜையில் மல்லாந்து படுக்க வேண்டும். உடலுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தட்டையான பெட்டிகள். 1950-களின் இறுதியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமராவின் வழிவந்தவை அவை. பெட்டியின் முகப்பில் நுண்துளைகள் கொண்ட ஈயத் தகடு இருக்கும். நேராக வரும் கதிரை மட்டும் அது உள்ளே விடும். பின்னால் உள்ள சோடியம் அயோடைடு படிகம் ஒவ்வொரு கதிர் மோதும்போதும் ஒரு நொடிப்பொழுது ஒளிரும், அந்த ஒளிப்பொறிகளின் தொகுப்பே படம். மருந்து அதிகம் சேர்ந்த இடம் அதில் கறுப்பாக விழும். மேல் பெட்டி முகத்துக்கு வெகு அருகில் வரும். கொஞ்சம் திகிலாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. போல் குழாய்க்குள் அடைபட வேண்டியதில்லை, சத்தமும் இல்லை. தலை முதல் பாதம்வரை நகர்ந்து முடிக்க இருபது முதல் முப்பது நிமிடம். கேமரா கதிர் எதையும் வீசுவதில்லை, உடலிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வதோடு சரி.

படத்தைப் படிப்பது

கையில் கிடைப்பது இரண்டு எலும்புக்கூடுகள்: முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நோயில்லாதவரின் படத்திலும் கறுப்பு உண்டு. பின்பக்கப் படத்தில் முதுகெலும்பின் இருபுறமும் சிறுநீரகங்கள் மங்கலாகத் தெரியும். சிறுநீர்ப்பை அடர்கறுப்பு. தோள் மூட்டு, இடுப்பு மூட்டு, மார்பெலும்பு ஆகியவை சற்றுக் கருமையாக இருக்கும். குழந்தைகளுக்கு எலும்பு வளரும் முனைகள் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஊசி குத்திய இடத்தில் மருந்து சிறிது கசிந்திருந்தால் அங்கேயும் ஒரு கறுப்பு. உள்ளாடையில் ஒரு துளி சிறுநீர் பட்டிருந்தால்கூட இடுப்பெலும்பில் புள்ளி இருப்பது போலத் தோன்றும். துடைத்துவிட்டு மீண்டும் எடுத்தால் மறைந்துவிடும்.

மருத்துவர் எண்ணிக்கையைவிட அமைப்பையே முதலில் பார்ப்பார். இடதும் வலதும் ஒத்திருக்கிறதா? இரண்டு முழங்காலும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால் வயதின் வேலை. அடுத்தடுத்த நான்கைந்து விலா எலும்புகளில் ஒரே நேர்க்கோட்டில் புள்ளிகள் இருந்தால் விழுந்து அடிபட்டதாக இருக்கும், புற்றுநோய் கோடு போட்டு அமர்வதில்லை. ஒரே விலா எலும்பின் நீளத்தோடு கறுப்பு ஓடினால் சந்தேகம் கூடும். முதுகெலும்பு, விலா, இடுப்பு என்று ஒழுங்கில்லாமல் பல இடங்களில் பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடந்தால் பரவல் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தாடையில் புள்ளி என்றால் அண்மையில் பல் பிடுங்கினீர்களா என்று கேட்பார்கள். ஆகவே எப்போதோ வழுக்கி விழுந்தது, செய்துகொண்ட அறுவை, வலிக்கும் இடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. "இது தேவையா" என்று நீங்கள் நினைக்கும் தகவல்தான் சில சமயம் அறிக்கையையே மாற்றும்.

தனியாக ஒரே ஒரு புள்ளி இருப்பதுதான் சங்கடம். விலா எலும்பில் என்றால் பெரும்பாலும் தீங்கற்றது. முதுகெலும்பில் என்றால் முள்ளெலும்பின் எந்தப் பாகம் என்று தெரிய வேண்டும். பின்னால் உள்ள சிறு மூட்டுகளில் இருந்தால் தேய்மானமாக இருக்கலாம். உடல்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் தண்டில் இருந்தால் கவலைப்பட வேண்டும். தட்டையான படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. அதற்காகத்தான் ஸ்பெக்ட்-சி.டி. என்ற முப்பரிமாணப் படத்தை அதே மேஜையிலேயே எடுக்கிறார்கள்: கறுப்பு எங்கே என்பதை ஸ்பெக்ட் சொல்லும், அங்கே எலும்பு எப்படி இருக்கிறது என்பதை சி.டி. காட்டும். சந்தேகமான ஒற்றைப் புள்ளிக்கு இதைச் செய்யாமல் "பரவலாக இருக்கலாம்" என்று எழுதிவிடும் அறிக்கை, நோயாளியின் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

பேஜட் நோய் என்ற எலும்பு நோய் ஒன்று இருக்கிறது. அதில் எலும்பு கட்டுப்பாடில்லாமல் புதுப்பிக்கப்படுவதால் ஸ்கேனில் கன்னங்கரேலென்று விழுந்து பரவல் போல ஏமாற்றும். அதை 1877-இல் விவரித்த ஜேம்ஸ் பேஜட், மேலே சொன்ன ஸ்டீபன் பேஜட்டின் தந்தை.

படம் பொய் சொல்லும் இடங்கள்

சாதாரண எக்ஸ்-ரேயில் எலும்பு அரிப்பு தெரிய வேண்டுமானால், அந்த இடத்தில் தாதுவில் 30 முதல் 50 சதவீதம்வரை போயிருக்க வேண்டும். எலும்பு ஸ்கேன் அதைவிட வெகு முன்னதாகவே மாற்றத்தைப் பிடித்துவிடும், அதுவும் முழு எலும்புக்கூட்டையும் ஒரே மூச்சில். ஆனால் எலும்பு பதில் கொடுக்காவிட்டால் ஸ்கேனுக்குக் கண் தெரியாது. மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் ஆஸ்டியோபிளாஸ்டுகளை அடக்கிவிடுகிறது. எலும்பில் ஓட்டை விழுந்திருக்கும், ஸ்கேன் சுத்தமாக இருக்கும். ஆகவே அந்த நோய்க்கு இந்தப் பரிசோதனையை நம்புவதில்லை. சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றிலிருந்து வரும் பரவலும் கரைப்பையே அதிகம் செய்வதால் சில சமயம் தப்பிவிடும், அல்லது கறுப்புக்குப் பதிலாக வெளிறிய குழியாகத் தெரியும். மஜ்ஜைக்குள் மட்டும் இருந்துகொண்டு இன்னும் எலும்பைத் தொடாத பரவலும் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. சிறந்தது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. எலும்புக்கூடு முழுவதும் ஒரே சீராகப் பரவிவிட்டால் எல்லா எலும்பும் ஒரே அளவு கறுத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வெளிறிய இடமே இருக்காது. அனுபவமில்லாத கண்ணுக்கு அழகான, தெளிவான, நோயற்ற படம். காட்டிக்கொடுப்பது சிறுநீரகம்தான்: மருந்தையெல்லாம் எலும்பே உறிஞ்சிக்கொண்டதால் சிறுநீரகங்கள் படத்தில் காணாமல் போயிருக்கும். இதைத் துறையில் சூப்பர்ஸ்கேன் என்பார்கள். முற்றிய பிராஸ்டேட் புற்றுநோயில் இதைக் காணலாம்.

சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் வரும் ஏமாற்றம் வேறு வகை. ஹார்மோன் சிகிச்சையோ கீமோதெரபியோ பலன் தந்து புற்றுநோய் செல்கள் மடியும்போது, எலும்பு பழுதுபார்க்கும் வேலையில் முழுமூச்சாக இறங்குகிறது. பழைய புள்ளிகள் இன்னும் கறுக்கும். முன்பு தெரியாமல் இருந்த இடங்களும் புதிதாகத் தெரியும். நோயாளிக்கு வலி குறைந்திருக்கும், பிராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் இறங்கியிருக்கும், படம் மட்டும் பயமுறுத்தும். குணமாவதன் அடையாளத்தை நோய் முற்றியதாக எடுத்துக்கொண்டு நல்ல மருந்தை நிறுத்திவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. பிராஸ்டேட் புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் அதற்காகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: சிகிச்சைக்குப் பின் எடுக்கும் முதல் ஸ்கேனில் இரண்டு புதிய புள்ளிகள் வந்தாலும் உடனே முடிவு கட்டக் கூடாது. அடுத்த ஸ்கேனில் மேலும் குறைந்தது இரண்டு புள்ளிகள் புதிதாக வந்தால்தான் நோய் முன்னேறியதாகக் கணக்கு.

புற்றுநோய் செல்லையே நேராகப் பார்க்கும் வழிகள் இப்போது இருக்கின்றன. எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் அதிகமாகச் சர்க்கரை உண்ணும் செல்களைக் காட்டுகிறது. எலும்பைக் கரைக்கும் வகைப் பரவலில் அது எலும்பு ஸ்கேனைவிடக் கெட்டி. பிராஸ்டேட் செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதத்தைப் பிடிக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் பெரிய மாற்றத்தையே கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் அதிக ஆபத்துள்ள பிராஸ்டேட் புற்றுநோயாளிகள் 302 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், பரவலைக் கண்டறிவதில் அதன் துல்லியம் 92 சதவீதம், சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்த பழைய முறைக்கு 65 சதவீதம். இதைப் பார்த்து எலும்பு ஸ்கேனின் காலம் முடிந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட் இயந்திரமும் அதற்கான மருந்தும் எட்டாத இடங்களே உலகில் அதிகம். பி.எஸ்.எம்.ஏ. பெட்டிலும் விலா எலும்பில் அர்த்தமில்லாத புள்ளிகள் விழுந்து குழப்பம் உண்டாக்குவது நடக்கிறது.

யாருக்கு எடுக்க வேண்டும் என்பதிலும் நிதானம் தேவை. எலும்பு வலி, எலும்பு கட்டும் வேலை கூடும்போது ரத்தத்தில் உயரும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கூடுதல், அதிக ஆபத்துள்ள கட்டி, முற்றிய நிலை ஆகியவை இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். அறிகுறி எதுவும் இல்லாத ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கும் குறைந்த ஆபத்துள்ள பிராஸ்டேட் புற்றுநோய்க்கும் வழிகாட்டு நெறிமுறைகள் இதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த நிலையில் பரவல் கிடைப்பது அரிது, தேய்மானப் புள்ளிகள் கிடைப்பது எளிது. பிறகு அவற்றைத் துரத்திக்கொண்டு இன்னும் நான்கு பரிசோதனை.

கதிரியக்கம் பற்றிய பயம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஒரு முழு எலும்பு ஸ்கேனில் கிடைக்கும் கதிர் அளவு ஏறக்குறைய 4 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து உலக மனிதர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது 2.4. செலுத்தப்படும் டெக்னீசியம்-99எம் எடையில் சில நானோகிராம்தான். ஒவ்வாமை மிக அரிது, சி.டி.க்குப் போடும் அயோடின் சாயம் இதில் இல்லை. கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலோ, பாலூட்டிக்கொண்டிருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அன்று மட்டும் கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்காமல் இருப்பதும், கழிப்பறையில் தண்ணீரை நன்றாக ஊற்றிக் கைகழுவுவதும் போதும்.

எலும்பு கட்டப்படும் இடத்தைத் தேடிப் போகும் இந்தக் குணத்தைச் சிகிச்சைக்கும் பயன்படுத்துகிறார்கள். ரேடியம்-223 கால்சியம் போல வேடமிட்டு அதே இடங்களில் போய்ச் சேர்கிறது. ஆனால் அது வெளியிடுவது ஆல்பா துகள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது, போகும் தூரத்துக்குள் இருக்கும் செல்லைக் கொன்றுவிடும். ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத பிராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் பரவியவர்களுக்கு அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 14.9 மாதமாக உயர்ந்தது. கல்லீரலிலோ நுரையீரலிலோ பரவல் இருந்தால் இந்த மருந்துக்கு அங்கே வேலை இல்லை. எனவே கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: எலும்புக்கு வெளியே உறுப்புகளில் நோய் இருக்கிறதா என்பது ஒன்று, எலும்பில் உள்ள புள்ளிகள் மருந்தை ஏற்றுக்கொள்ளும் வகையா என்பது மற்றொன்று. முதலாவதை சி.டி. சொல்லும். இரண்டாவதற்கு எலும்பு ஸ்கேன்தான் எடுக்கிறார்கள். அதில் கறுத்து விழும் இடங்களில்தான் ரேடியமும் போய்த் தங்கும்.